காசில்லை என்றால் வாக்கும் இல்லையா? இலங்கையின் கடனும் தள்ளிப்போன தேர்தலும்

2023 மார்ச் 9-ஆம் தேதி இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்திருக்க வேண்டும். வேட்புமனுக்கள் வாங்கியாகிவிட்டது. கட்டுப்பணம் (வேட்பாளர் வைப்புத்தொகை) செலுத்தியாகிவிட்டது. போட்டியிட்ட அரசு ஊழியர்கள் சம்பளமில்லா விடுப்பில் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் திறைசேரி, அதாவது அரசின் கருவூலம், கையை விரித்தது: பணம் இல்லை, வாக்குச்சீட்டு அச்சடிக்கும் செலவைக்கூடக் கொடுக்க முடியாது. தேர்தலுக்கு ஆகும் என்று கணக்கிட்ட தொகை சுமார் 1,000 கோடி இலங்கை ரூபாய். அந்தத் தேர்தல் கடைசியில் நடந்தது 2025 மே 6 அன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் குப்பை அள்ளுவதிலிருந்து ஊர்ச் சாலை வரை எல்லாவற்றையும் மக்கள் தேர்ந்தெடுக்காத அதிகாரிகளே பார்த்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டில் வாங்கிய கடன் எந்த வழியாக வந்து வாக்குப்பெட்டியைத் தொடுகிறது? செய்திகளில் சீனா, சர்வதேச நாணய நிதியம், கடன் மறுசீரமைப்பு என்று தனித்தனியாக வருவதால் இந்த வழி கண்ணில் படுவதில்லை. அடிப்படையிலிருந்து தொடங்கினால் புரியும்.

டாலர் தீர்ந்துபோவது என்றால் என்ன

இலங்கை எரிபொருள், மருந்து, பால்மா, உரம் எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்குகிறது. வாங்குவதற்கு டாலர் வேண்டும். ஆடை ஏற்றுமதி, தேயிலை, சுற்றுலா, வெளிநாட்டில் உழைப்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம், இந்த நான்கும்தான் டாலர் வரும் முக்கிய வழிகள். வருவது போக மிஞ்சுவதை மத்திய வங்கி சேர்த்து வைக்கும். அதுதான் அந்நியச் செலாவணிக் கையிருப்பு. பற்றாக்குறை வந்தால் கடன் வாங்க வேண்டும்.

ரூபாயில் வாங்கிய கடனுக்கு, வேறு வழியே இல்லை என்றால், அரசு ரூபாயை அச்சடித்தாவது கொடுத்துவிடலாம். விலைவாசி ஏறும், ஆனால் கடன் அடைபடும். டாலர் கடனுக்கு அந்த வழி இல்லை. அமெரிக்காவைத் தவிர யாராலும் டாலரை அச்சடிக்க முடியாது. தவணை நாளில் டாலர் இல்லை என்றால் 'எங்களால் கட்ட முடியாது' என்று அறிவிக்க வேண்டியதுதான். 2022 ஏப்ரல் 12 அன்று இலங்கை அப்படி அறிவித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாட்டுக்கு அதுவே முதல் முறை.

கடன் கொடுப்பவர்கள் மாறிப்போனார்கள்

உலகப் பொருளாதார ஒழுங்கு மாறுகிறது என்று சொல்கிறோமே, அது இலங்கை மாதிரியான ஒரு நாட்டுக்கு முதலில் இந்த இடத்தில்தான் தெரிந்தது.

1. பழைய காலத்தில் கடன் கொடுத்தவர்கள் ஜப்பானும் மேற்கு நாடுகளும், கூடவே உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும். வட்டி குறைவு, தவணை நீளம். கட்ட முடியாவிட்டால் 1956-இல் தொடங்கிய பாரிஸ் கிளப் என்ற அமைப்பில் கடன் கொடுத்த அரசுகள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும். நிபந்தனைகள் கடுமையாக இருந்தாலும், யாரிடம் பேசுவது என்பதாவது தெரியும்.

2. 1990-களின் இறுதியில் இலங்கை ஏழை நாடு என்ற நிலையைத் தாண்டி நடுத்தர வருமான நாடு ஆனது. நல்ல செய்திதான். ஆனால் அதோடு சலுகைக் கடன்களும் குறையத் தொடங்கின. 2007-இல் இலங்கை முதல் முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. ஈழத்தில் இதைப் பிணைமுறி என்பார்கள். 8.25 விழுக்காடு வட்டி, ஐந்தே ஆண்டுத் தவணை. அதற்கப்புறம் பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம் என்று ஒரு சுழற்சி உருவானது. நெருக்கடி வெடித்தபோது அரசின் வெளிநாட்டுக் கடனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பத்திரங்கள்தான்.

3. மூன்றாவதாக வந்தது சீனா. துறைமுகம், நெடுஞ்சாலை, அனல்மின் நிலையம் என்று அதன் கடன்கள் பெரிய கட்டுமானங்களுக்குப் போயின. அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால் வெளிக்கடனில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வரும்.

சீனக் கடனில் கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கடனைக் கட்ட முடியாமல் துறைமுகத்தைச் சீனாவிடம் பறிகொடுத்தார்கள் என்பார்கள். நடந்தது வேறு. 2017-இல் 112 கோடி டாலருக்குத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, வந்த பணத்தைக் கையிருப்பில் சேர்த்தார்கள். துறைமுகத்துக்காக வாங்கிய கடன் அப்படியே இருந்தது. அதைவிட அவசரமாகக் கழுத்தை நெரித்தது சந்தைக் கடனின் தவணைகள்தான். சீனாவை மட்டும் சுட்டிக்காட்டினால் கதையின் பெரும்பகுதி விட்டுப்போகும்.

சந்தைக் கடனில் எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பத்திரம் கைமாறிக்கொண்டே இருக்கும். இன்று யார் கையில் இருக்கிறது என்பது கடன் வாங்கிய நாட்டுக்கே சரியாகத் தெரியாது. வழக்கு என்று வந்தால் நியூயார்க் சட்டப்படி நியூயார்க் நீதிமன்றத்தில். 2022 ஜூலையில் தவணை முடிய வேண்டிய பத்திரத்தில் 25 கோடி டாலருக்கு மேல் வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி அப்படித்தான் இலங்கை மேல் வழக்குப் போட்டது.

தடுக்க ஆள் இல்லாத அதிகாரம்

கடன் அதிகம் என்பது மட்டுமே ஒரு நாட்டைக் கவிழ்த்துவிடாது. இலங்கையில் என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றை யாரால் தடுக்க முடிந்தது என்று பார்க்க வேண்டும்.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச 52.25 விழுக்காடு வாக்குகளோடு ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளின் அச்சம் அந்த வாக்குகளில் இருந்தது. பதவிக்கு வந்த சில நாட்களிலேயே பெறுமதி சேர் வரி ('வாட்' வரி) 15 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்தது, வேறு பல வரிகளும் நீங்கின. நியாயமாகச் சொன்னால், வரிக்குறைப்பு அவர் தேர்தலில் கொடுத்த வாக்குறுதி. மக்கள் அதற்கும் சேர்த்துத்தான் வாக்களித்தார்கள். ஆனால் விளைவு தெரிய வந்த பிறகு திருத்திக்கொள்ள வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. 2020-இல் அரசின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 விழுக்காடு அளவுக்கு விழுந்தது. உலகத்திலேயே மிகக் குறைவான வரி வருமானங்களில் அது ஒன்று. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்தன. புதுப் பத்திரம் விற்கும் கதவு மூடியது. அதே ஆண்டு கொரோனா வந்து சுற்றுலாவையும் நிறுத்தியது.

2020 அக்டோபரில் அரசியலமைப்பின் 20-ஆவது திருத்தம் நிறைவேறியது. 2015-இல் 19-ஆவது திருத்தம் ஜனாதிபதிக்குப் போட்டிருந்த கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை அது நீக்கியது. அண்ணன் மகிந்த பிரதமர், தம்பி பசில் 2021 ஜூலையிலிருந்து நிதியமைச்சர். மாற்றுக் கருத்து சொல்லக்கூடிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக வாயடைத்தன.

2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. இயற்கை விவசாயம் என்று அறிவித்தார்கள். டாலரை மிச்சப்படுத்தும் எண்ணமும் அதில் இருந்தது. வேளாண் அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள். விவசாயிகள் வயல்களிலும் தெருக்களிலும் நின்று எதிர்த்தார்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது பெரும்போகம் என்ற முக்கிய நெல் பருவம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. விளைச்சல் பெருமளவு சரிந்து, மிச்சப்படுத்த நினைத்த டாலரை அரிசி இறக்குமதிக்குக் கொட்ட வேண்டி வந்தது.

2022 ஜனவரி 18 அன்று இன்னொன்று நடந்தது. சமையல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். இனிக் கட்டுவதை நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தைக்குப் போங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் பலர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்கள். அரசு அன்று 50 கோடி டாலர் பத்திரத்தை முழுதாக அடைத்தது. நான்கு மாதம் கழித்து நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் சொன்னார்: பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை.

பணக்கஷ்டம் வந்ததால் ஜனநாயகம் பலவீனமானது என்பது வழக்கமான விளக்கம். இலங்கையில் வரிசை முன்பின் மாறி இருக்கிறது. கேள்வி கேட்கும் இடங்கள் முதலில் மூடப்பட்டன, பணம் அப்புறம்தான் தீர்ந்தது. 2023 நவம்பரில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே, ராஜபக்ச சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உட்படப் பலர் இந்த நெருக்கடிக்குப் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. தண்டனையாக விதித்தது, மனுதாரர்களுக்கு 1,50,000 ரூபாய் வழக்குச் செலவு.

வரிசையிலிருந்து வீதிக்கு

2022-இன் நடப்புகள் பலருக்கும் நினைவிருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். மார்ச்சில் ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டார்கள். டாலர் 200 ரூபாயிலிருந்து மே மாதத்துக்குள் 360 ஆனது. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்ந்திருந்தது, உணவு விலை 95 விழுக்காடு. மண்ணெண்ணெய் கிடைக்காமல் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் படகுகள் கரையிலேயே நின்றன. மார்ச் 22 அன்று தனுஷ்கோடி வந்து இறங்கிய 16 பேர் பசிக்குப் பயந்து கடல் கடந்தவர்கள். போருக்காக அல்லாமல் அரிசி விலைக்காக அந்தக் கடலைத் தாண்டி வந்த முதல் குடும்பங்கள் அவர்கள்தான் எனலாம். மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவித்த 40,000 டன் அரிசியின் முதல் கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியது.

கொழும்புக் கடற்கரையில் உள்ள காலிமுகத்திடலில் ஏப்ரல் 9 அன்று போராட்டக்காரர்களின் கூடாரங்கள் எழுந்தன. மே 9 அன்று மகிந்த விலகினார். ஜூலை 9 அன்று மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள், 14-ஆம் தேதி கோட்டாபய சிங்கப்பூரிலிருந்து விலகல் கடிதம் அனுப்பினார். ஜூலை 20 அன்று நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்ரமசிங்கவைத் தேர்ந்தெடுத்தது. அவர் கட்சிக்கு அந்த அவையில் இருந்தது ஒரே ஓர் இடம். பதவியேற்ற அன்று நள்ளிரவு கடந்ததும் இராணுவம் காலிமுகத்திடலுக்குள் புகுந்தது.

கடன் மறுசீரமைப்பு: மேசையில் யார் இருந்தார்கள்

மறுசீரமைப்பு என்றால் வட்டியைக் குறைப்பது, தவணையைத் தள்ளிப்போடுவது, அசலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வது. மூன்றில் ஒன்றோ மூன்றும் கலந்தோ இருக்கலாம். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச் 20 அன்று சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இலங்கைக்கு இது 17-ஆவது திட்டம். ஆனால் மற்றவர்களும் விட்டுக்கொடுத்தால்தான் கணக்கு நேராகும். இங்கேதான் புதிய உலக ஒழுங்கின் சிக்கல் தெரிந்தது.

இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரு குழுவுக்குத் தலைமை ஏற்றன. சீனா அந்தக் குழுவில் சேரவில்லை, தனியாகப் பேசியது. பத்திரம் வைத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் விட்டுக்கொடுத்ததை வைத்து நீ உன் பணத்தை முழுதாக எடுத்துக்கொள்வாயோ என்ற சந்தேகம் ஒவ்வொருவருக்கும். சீனாவின் எக்சிம் வங்கி 2023 அக்டோபரில் இசைந்தது. அரசுகளின் குழு 2024 ஜூனில் கையெழுத்திட்டது. பத்திரக்காரர்களோடு முடிந்தது 2024 டிசம்பரில். கடன் கட்டுவதை நிறுத்தியதிலிருந்து 32 மாதங்கள். பத்திரங்களின் அசலில் 27 விழுக்காடு குறைந்தது. ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கொடுக்க வேண்டிய தொகையும் கூடும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது.

உள்நாட்டில் யார் சுமந்தார்கள்? 2023 ஜூலை 1, ஒரு சனிக்கிழமை, நாடாளுமன்றத்தைக் கூட்டி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை நிறைவேற்றினார்கள். வங்கிகளுக்கு விலக்கு. ஊழியர் சேமலாப நிதி (தொழிலாளர்களின் வருங்கால வைப்பு நிதி) போன்ற ஓய்வூதிய நிதிகளை, வட்டி குறைந்த புதுப் பத்திரங்களை ஏற்கச் சொன்னார்கள். மறுத்தால் 14 விழுக்காடு வருமான வரி 30 ஆகும். ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுமைக்கால வட்டி அதில் போனது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 விழுக்காடானது. வங்கிகளைக் காப்பாற்றியதற்குக் காரணம் சொல்லலாம், வங்கி விழுந்தால் எல்லோரும் விழுவார்கள். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் அவசரமாக முடித்த இந்த முடிவில் தொழிலாளியின் குரல் எங்கேயும் கேட்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்குரிமை அடிபட்ட இடங்கள்

1. முதலாவது, தொடக்கத்தில் சொன்ன தேர்தல். பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று 2023 மார்ச் 3 அன்றே நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அப்படியும் பணம் வரவில்லை. தேர்தலைத் தள்ளிவை என்று நாணய நிதியம் எந்த நிபந்தனையும் போடவில்லை, முடிவு கொழும்பில் எடுத்தது. அந்தத் தேர்தல் நடந்திருந்தால் ஆளும் தரப்பு படுதோல்வி அடைந்திருக்கும் என்பது ஊருக்கே தெரியும். 'காசில்லை' என்பதை வெளியில் யாரும் சுலபமாக மறுக்க முடியாது. நெருக்கடிக் காலத்தில் அதைவிட வசதியான காரணம் கிடைக்காது. 2024 ஆகஸ்டில், நிதியமைச்சர் என்ற முறையில் ரணில் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2. 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். பல்லாண்டுகளாகத் தமிழ் இளைஞர்களை விசாரணையின்றி அடைத்து வைக்கப் பயன்பட்ட சட்டம் இது. 2022 ஆகஸ்டில் காலிமுகத்திடல் போராட்டத்தின் மாணவத் தலைவர்கள் மேல் பாய்ந்தது. ஒரு சமூகத்தின் மேல் மட்டும் பயன்படும் என்று மற்றவர்கள் நினைத்திருந்த சட்டம் எல்லோருக்குமானது என்று தெற்கில் பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

3. 2024 ஜனவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியது. இணையத்தில் எது பொய், எதை நீக்க வேண்டும் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழு.

4. கடைசியாக இருப்பது சத்தமில்லாதது, ஆனால் நீண்ட காலம் நிற்பது. 2032-க்குள் அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 95 விழுக்காட்டுக்குக் கீழ் வர வேண்டும் என்பது போன்ற இலக்குகளை 2024-இல் பொருளாதார நிலைமாற்றச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். அதற்குச் சில மாதங்கள் கழித்து மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி ஆனார். அவரது தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடங்களைப் பிடித்தது, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஆறில் மூன்று உட்பட. நிதியத் திட்டத்தை மாற்றுவோம் என்று முன்பு பேசிய கட்சி, அதே இலக்குகளோடு அதே திட்டத்தைத் தொடர்கிறது. அவர்களைக் குறை சொல்லி இதைச் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வந்தும் வரவு செலவுத் திட்டத்தில் கை வைக்க முடியாத நிலை என்றால், அது ஒரு கட்சியின் பலவீனத்தைவிடப் பெரிய விஷயம்.

இலங்கை தனியாக இல்லை

2024 ஜூனில் கென்யாவின் 200 கோடி டாலர் பத்திரத்துக்குத் தவணை. அதைச் சமாளிக்க, பிப்ரவரியிலேயே ஏறக்குறைய 10 விழுக்காடு வட்டியில் 150 கோடி டாலர் புதுக் கடன் வாங்கினார்கள். கூடவே புது வரிகளோடு நிதி மசோதா வந்தது. ஜூன் 25 அன்று இளைஞர்கள் நைரோபியில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள், காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின, மறுநாள் ஜனாதிபதி ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சுக்கும் 2023 ஜூலைக்கும் இடையில் வட்டியை பூஜ்ஜியத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25-5.5 விழுக்காட்டுக்கு ஏற்றியது. தன் நாட்டு விலைவாசியை அடக்க எடுத்த முடிவு அது. ஆனால் நைரோபியில் வரியாகவும் கொழும்பில் மின்கட்டணமாகவும் அதன் ஒரு பங்கு போய்ச் சேர்ந்தது.

இலங்கை எழுந்து நிற்கத் தொடங்கிய நேரத்தில் இன்னொரு அடி விழுந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா அதன் பொருட்களுக்கு 44 விழுக்காடு வரி என்று அறிவித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஆகஸ்டில் அது 20 ஆனது. இலங்கை ஆடைகளை அதிகம் வாங்கும் தனி நாடு அமெரிக்காதான். கடனை அடைக்க டாலர் சம்பாதி என்று சொல்லும் அதே உலகம், டாலர் சம்பாதிக்கும் வாசலைக் குறுக்குகிறது. நவம்பர் இறுதியில் டித்வா புயல் வேறு வந்து ஊர்களையும் சாலைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது.

2028-இல் வரும் தவணைகள்

வெளிநாட்டு அரசுகளிடம் வாங்கிய கடனின் அசலை இலங்கை 2028 முதல் கட்டத் தொடங்க வேண்டும். நாணய நிதியத் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே முடிந்துவிடும். அப்போது யார் மேல் வரி, எந்தச் செலவில் வெட்டு என்ற கேள்விகள் மறுபடி வரும். உலக வங்கியின் கணக்கில் 2021-க்கும் 2022-க்கும் இடையில் இலங்கையின் வறுமை விகிதம் இரட்டிப்பானது, 2024-இலும் மக்கள்தொகையில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் வறுமையில் இருந்தார்கள். வெட்டுவதற்கு மீதம் அதிகம் இல்லை.

அந்தக் கேள்விகளை எழுப்ப வேண்டிய அவைகளில் சில இப்போதும் காலியாகக் கிடக்கின்றன. வடக்கு மாகாண சபைக்கு 2013 செப்டம்பரில் தேர்தல் நடந்தது, 2018 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. 2019-க்குள் ஒன்பது மாகாணங்களிலும் அதே கதி. இங்கே பணம் காரணமே இல்லை. 2017-இல் தேர்தல் முறையை மாற்றினார்கள், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018-இல் நாடாளுமன்றத்தில் தோற்றது, அதோடு கிடப்பில் போட்டார்கள். 2025 முடியும்போதும் மாகாணங்களை ஆளுநர்களே நிர்வகித்தார்கள். கிளிநொச்சி விவசாயிக்கும் மன்னார் மீனவருக்கும் 2028-இன் வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கூடம், மருத்துவமனை, மண்ணெண்ணெய் மானியம் எதில் வெட்டு விழும் என்று கேட்பதற்குத் தங்கள் மாகாணத்தில் தாங்கள் தேர்ந்தெடுத்த ஓர் உறுப்பினர் இருக்க வேண்டும். அந்தத் தேர்தலுக்குத் தேதி குறிப்பதற்கு டாலர் எதுவும் தேவையில்லை, நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத் திருத்தம் போதும்.